கந்தை தைக்கக் கட்டணமா?

நம் சங்கத்தின் டார்ஜிலிங் யாத்திரைப் பட்டியலில் பதினேழாவதாக இருந்த என் பெயரின்மேல் கோடு விழுந்திருப்பதை அன்பர்கள் பலர் கவனித்துவிட்டார்கள். காதல் விவகாரம் என்று ஒருவர் ஊகித்தார். மலைப்பாதை என்றால் எனக்குத் தலைசுற்றல் என்று இன்னொருவர் பரப்பிவிட்டார். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் தனித்தனியே விளக்கம் சொல்லிச் சலித்துப் போயிருந்த சமயத்தில், "எழுதித்தான் கொடுத்துவிடுங்களேன்" என்றார் பத்திரிகைக் குழு நண்பர். எழுதுகிறேன். யாத்திரைக்கு ஆளுக்கு நாலாயிரம் ரூபாய். அந்த நாலாயிரத்தையும் ஒரு தையல் வகுப்புக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். அது தகுமா, தகாதா என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டதன் கதைதான் இது.

தையல் என்றால் சட்டை தைக்கும் தையல் அன்று. பழந்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, ஒரே போர்வையாக ஆக்கும் வேலை. வங்காளிகள் இதைக் காந்தா என்கிறார்கள். முதல் எழுத்தைச் சற்று மூக்கால் சொல்ல வேண்டும். (காந்தா என்றதும் 1954-இல் வந்த ‘ரத்தக் கண்ணீர்’ படமும் எம். ஆர். ராதாவின் குரலும் விடுதி நண்பர்களுக்கு நினைவு வந்து, மூன்று நாள் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார்கள். அதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

பெயர் புதிதாகத் தோன்றினாலும் நமக்கு அது அந்நியமில்லை. வடமொழியில் கந்தா என்பது ஒட்டுப்போட்ட துணி. துறவிகள் போர்த்துக்கொள்ளும் கிழிசல். நம்முடைய கந்தையும் அந்தச் சொல்லின் வழியில் வந்ததே என்று சென்னைப் பல்கலைக் கழகத்துத் தமிழகராதி காட்டுகிறது. ஆகவே காந்தாவும் கந்தையும் ஒரு தாய்ப் பிள்ளைகள். கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்னது நம் பக்கம். அடுக்கித் தைக்கச் சொன்னது இந்தப் பக்கம்.

கார்த்திகை பிறந்ததும் கல்கத்தா வீதிகளில் ‘டங் டங்’ என்று ஒரு வில்லோசை கேட்குமே, கவனித்திருப்பீர்கள். பஞ்சு கொட்டுகிறவர்கள் பெரிய வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். அவர்கள் பழைய பஞ்சைப் பதமாக்கித் திணித்துத் தருவது லேப் என்னும் கனத்த போர்வை. காந்தாவில் பஞ்சே கிடையாது. நாலைந்து அடுக்குத் துணியும் நூலுமே சரக்கு. அடுக்குகளுக்கிடையே சிக்கிக்கொண்ட அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சூட்டைக் காப்பதில் துணியைவிட அந்தக் காற்றுக்கே பங்கு அதிகம். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட்டால் என் பேராசிரியர் மன்னிக்கமாட்டார். டில்லியில் தை மாதம் வெப்பநிலை ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். அங்கே பஞ்சில்லாமல் தீராது. இங்கே பதின்மூன்று, பதினான்கோடு நின்றுவிடுகிறது. அந்தக் குளிருக்கு நாலு பழஞ்சேலை போதும் என்று கண்டுகொண்டவர்கள் வங்காளத்துக் குடும்பப் பெண்கள்.

அவர்கள் நூலைக்கூட விலைக்கு வாங்கவில்லை. பழஞ்சேலைக் கரையிலிருந்து வண்ண இழைகளை உருவி எடுத்து, அதையே ஊசியில் கோத்தார்கள். நடுவே ஒரு தாமரை, நாலு மூலைக்கு நாலு மரம், மிச்ச இடத்தில் மீன், யானை, பல்லக்கு, ரயில் வண்டி என்று மனம் போனபடி படங்கள். குருசதய தத்தர் (1882-1941) என்று ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி இருந்தார். உத்தியோகத்தின் பேரால் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றியபோது இத்தகைய நாட்டுக் கலைப் பொருள்களைச் சேர்த்து வைத்தார். ஜோக்காவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தின் தொகுப்பில் மானதாசுந்தரி என்னும் பெண்மணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைத்த காந்தா ஒன்று புகழ் பெற்றது. அதில் தன் பெயரையும், இது தன் தந்தைக்காகத் தைத்தது என்பதையும் நூலாலேயே எழுதியிருக்கிறாள் அந்தப் பெண். கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட நெடும்பாட்டின் நாயகி, பிரிந்து போன கணவனை எண்ணித் தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து முடித்துவிட்டு இறந்து போகிறாள். அந்தத் துணியை அவள் சமாதியின்மேல் விரிக்கிறார்கள். வங்காளி நண்பர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள், கதையைச் சொல்லிக் கண் கலங்குவார்.

அது நிற்க. இவ்வளவு பெருமை உள்ள கலையாக இருந்தாலும், அதைக் கற்க எனக்கு என்ன அவசியம்? அவசியம் மதுரையிலிருந்து வந்தது.

என் அக்காவுக்கு மாசியில் பேறுகாலம். சென்ற ஆண்டு நான் கரியாஹாட் கடையில் வாங்கிக்கொண்டு போய் அம்மாவுக்குக் கொடுத்த காந்தாப் போர்வையை அக்கா பார்த்திருக்கிறாள். ஐப்பசியில் ஒருநாள் தொலைபேசியில், "தம்பி, பிள்ளைக்குன்னு நீ ஒண்ணும் வாங்கி அனுப்பாத. அம்மாச்சி சேலை ரெண்டு இருக்குல்ல, அதுல ஒண்ணை அந்த மாதிரி தச்சுக் கொடு. நீ இருக்கிற ஊர்லதானே அதைத் தைக்கிறாங்க?" என்றாள். நான் இருக்கும் ஊரில் ரசகுல்லாவும்தான் செய்கிறார்கள். அதனால் எனக்குச் செய்யத் தெரியும் என்று பொருளாகுமா? ஆனால் கர்ப்பிணி கேட்டதை மறுக்க நாக்கு எழவில்லை.

அம்மாச்சி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய சேலைகளை வழக்கப்படி உறவுக்காரர்களுக்கும் வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்கும் கொடுத்தாகிவிட்டது. இரண்டே இரண்டு சுங்குடிச் சேலைகளை மட்டும் அம்மா பீரோவில் எடுத்து வைத்திருந்தாள். ஒன்று அரக்கு, ஒன்று கரும்பச்சை. சுங்குடி என்றால் மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிற ஊர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். துணியைச் சிறு சிறு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், முடிச்சுப் போட்ட இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். மதுரைச் சௌராஷ்டிரர் கைவண்ணம் அது. எத்தனையோ வருஷம் துவைத்துத் துவைத்து, அந்தச் சேலைகள் இப்போது பூவிதழ் மாதிரி ஆகிவிட்டன. பச்சைக் குழந்தையைப் புதுத் துணியில் கிடத்தக் கூடாது, பழந்துணியில்தான் கிடத்த வேண்டும் என்பது நம் வீட்டுப் பாட்டிமார் சட்டம். வங்காளத்துப் பாட்டிமாரும் இதே சட்டத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே பிள்ளை பிறக்குமுன்பே சின்னக் காந்தாக்கள் தயாராகிவிடும்.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "போனவுக துணியையா பொறக்கப்போற பிள்ளைக்குப் போடுறது?" என்று பெரியம்மா முகம் சுளித்தாள். "அம்மாச்சி என்ன எனக்கு அந்நியமா பெரியம்மா?" என்று அக்கா கேட்டாளாம். அதற்குமேல் பெரியம்மா பேசவில்லை. பெரியம்மாவுக்கும் அவள் தாய்தானே.

அடுத்த யோசனை அம்மாவுடையது. தெருக்கோடித் தையற்காரரிடம் கொடுத்து மெஷினில் ஓட்டிவிடலாம் என்று அரக்குச் சேலையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது மெஷின் பல்லுல மாட்டுனா கிழிஞ்சுரும்மா, கைத்தையல்தான் தாங்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மனிதர் நினைத்திருந்தால் தைத்துக் காசு வாங்கியிருக்கலாம். அவர் சொன்னது சரி என்பதற்கு அத்தாட்சியும் இருந்தது: பல காலம் ஒரே மடிப்பாக வைத்ததில் மடிப்புக் கோடு நெடுகிலும் இழை நைந்து, ஓரிடத்தில் ஒரு சாண் கிழிந்தேவிட்டது. கிழிந்த இடத்தில் ஒரு துண்டை அம்மா உறையில் போட்டு எனக்குத் தபாலில் அனுப்பினாள்.

அந்தத் துண்டை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஐந்தரை மீட்டர்ச் சேலை. அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நைந்த பகுதியை ஒதுக்கினாலும் ஒரு மீட்டர்ச் சதுரமாக நாலு அடுக்கு வரும். குழந்தையைப் போர்த்துவதற்கு அன்று, கீழே விரித்துக் கிடத்துவதற்கு. அதற்கு அது தாராளம். ஒரு செண்டிமீட்டர் இடைவெளியில் தையல் வரிசை போட்டால் நூறு வரிசை. வரிசைக்கு ஒரு மீட்டர் வீதம் நூறு மீட்டர். ஒரு தையலும் அதையடுத்த இடைவெளியும் சேர்ந்து ஐந்து மில்லிமீட்டர் என்று கொண்டால், மீட்டருக்கு இருநூறு. ஆக மொத்தம் இருபதாயிரம் தையல். பழைய வேட்டித் துண்டு ஒன்றில் கடிகாரம் பார்த்துத் தைத்ததில் என் வேகம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு. இருபதாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்து அறுபதாலும் வகுத்தால் ஏறக்குறைய இருபத்தெட்டு மணி நேரம். நூல் செலவு அற்பம். எட்டு மீட்டர்க் கண்டில் ஆறு இழை இருக்கும். இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் ஒரு கண்டு இருபத்துநாலு மீட்டர் ஆகிவிடும். ஐந்து கண்டு வாங்கினால் மிஞ்சும்.

இருபத்தெட்டு மணி நேரம் ஒன்றும் மலை இல்லை. நம்மில் சிலர் ஒரு கிரிக்கெட் டெஸ்டுக்கு அதைவிட அதிகம் செலவிடுகிறார்கள். பின்னே வகுப்பு எதற்கு, காசு எதற்கு? ஓட்டுத் தையல் என்பது ஊசியைக் கீழே விட்டு மேலே எடுப்பதுதானே. யூட்யூபில் இலவசமாகவே காட்டுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் வேட்டித் துண்டில் தைத்தேன். என் அறைத் தோழர் சேலத்துக்காரர், சிக்கனத்தில் சக்கரவர்த்தி. "நாலாயிரத்துக்கு நாலு ரஜாய் வாங்கிப் போட்டுட்டுப் போலாமேடா!" என்று தினமும் படுக்கும்போது ஒரு தடவை சொல்லுவார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கரியாஹாட்டில் குழந்தைக்கான காந்தா தொள்ளாயிரம் ரூபாய்க்கு அழகாகக் கிடைக்கிறது.

வேட்டித் துண்டின் முடிவைச் சொல்ல வேண்டும். ஒரு சாண் சதுரம், நாலு அடுக்கு. பத்து வரிசை தைத்து முடித்தபோது மேலடுக்கு ஒரு பக்கமாக நகர்ந்து, கீழடுக்கைவிட இரண்டு விரற்கடை முன்னே போய் நின்றது. நடுவில் ஒரு கொப்புளம். ஒரு சாணுக்கு இரண்டு விரற்கடை என்றால் ஒரு மீட்டருக்கு எவ்வளவு? பழைய வேட்டியானால் பிரித்துத் தைக்கலாம். அம்மாச்சியின் சேலையில் ஊசி குத்திய துளை மூடாது. நூலை இழுத்துப் பிரித்தால் துணியும் கூடவே வந்துவிடும். அந்தச் சேலை கடையில் கிடைக்காது. கணக்கில் ரூபாய் அணா பைசாவாக எழுத முடியாத இனம் இது ஒன்றுதான். ஆனால் மற்ற எல்லா இனங்களும் இதன்மேல்தான் நின்றன.

வகுப்புகளை விசாரித்ததில் இரண்டு அகப்பட்டன. முதலாவது மேனாட்டு முறை. வண்ணத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி மெஷினில் இணைத்து, நடுவே பஞ்சுத் தகடு வைத்து, அடித்துணி கொடுத்துத் தைப்பது. இரண்டு நாள் வகுப்பு, கட்டணம் 2,400 ரூபாய்தான். முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகுதான் மாணவன் கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலைக் காட்டினார்கள்: சக்கரம் போல் உருளும் கத்தி, அந்தக் கத்தி பட்டாலும் பழுதாகாத விரிப்பு, இரண்டடி நீள அளவுகோல், பஞ்சுத் தகடு, மூன்று வகைத் துணி. கூட்டிப் பார்த்தால் கட்டணத்தைக் காட்டிலும் சாமான் கனத்தது. போதாக்குறைக்கு வகுப்பு முடிந்தபின் வீட்டில் தையல் மெஷின் வேண்டும். விடுதி அறையில் எனக்கு இருப்பது ஒரு கட்டிலும் பாதி மேசையும். இந்த முறையில் துல்லியமும் ஓர் அடிமைத்தனம். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பதினைந்து இணைப்பில் ஒன்றரைச் செண்டிமீட்டர் பிசகி, மூலைகள் ஒன்றோடொன்று சேராது. இத்தகைய வகுப்பில் சேர எண்ணுகிறவர்கள் கட்டணத்தை விசாரிப்பதைவிட, கட்டணத்துக்குள் அடங்காதது எது என்று விசாரிப்பது நல்லது. எப்படியும் பூவிதழ் போன்ற சுங்குடிக்கும் மெஷினுக்கும் ஆகாது. அதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய ஒரு சந்தில், பழைய வீட்டின் மாடியில் நடக்கும் காந்தா வகுப்பு. ஆறு ஞாயிற்றுக்கிழமை, கிழமைக்கு இரண்டு மணி நேரம். கட்டணம் 3,000, பழகுவதற்கான துணி, ஊசி, நூலுக்கு 500. போகவர மெட்ரோவும் ஆட்டோவுமாக ஐம்பது வீதம் 300. ஆக 3,800. நடத்துகிறவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மையார். எல்லோரும் மாஷிமா என்று அழைக்கிறார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த தம் தாயாரிடம் கற்றவர். சேருமுன் ஒருநாள் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். "உட்கார இடம் இருந்தால் உட்கார்" என்றார்.

போனேன். தரையில் பாய் விரித்து ஏழு பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்பிள்ளையாக நான் ஒருவனே. மதுரையில் தையல் என்றால் ஆண்பிள்ளை வேலை, இங்கே பெண்பிள்ளை வேலை. இடம் மாறியதில் நான் என்ன ஆனேன் என்று தெரியாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். என் வேட்டித் துண்டை மாஷிமாவிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. துண்டை இரண்டு உள்ளங்கைக்கும் இடையில் வைத்து, சந்தனம் அரைப்பதுபோல் மெல்லத் தேய்த்துப் பார்த்தார். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது எனக்கே தெரிந்தது. "நீ தைத்தது பிறகு. முதலில் நீ கட்டவில்லை" என்றார். அடுக்குகளைத் தரையில் விரித்து, சுருக்கம் போகக் கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவி, ஓரங்களில் கனமான எதையாவது வைத்து, ஒரு சாணுக்கு ஒன்றாக நீளத் தையல் போட்டு முதலில் கட்டிவிட வேண்டுமாம். கடைசியில் அந்த நீளத் தையலைப் பிரித்துவிடலாம். இதை வீடியோவிலும் காட்டியிருந்தார்கள்; ஆனால் எவ்வளவு இறுக்கம் என்பதை வீடியோ எப்படிக் காட்டும்? மாஷிமா என் விரலைப் பிடித்து நூலின்மேல் வைத்தார். வீணைத் தந்தியைத் தொட்டதுபோல் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அதுவோ கொடியில் காயும் துணிக்கயிறு மாதிரித் தொய்வாக இருந்தது.

இன்னொன்றும் அன்று விளங்கிற்று. காந்தாவின் மேற்பரப்பு தட்டையாக இராது. குளத்து நீரில் காற்றுப் பட்டதுபோல் சிறு சிறு அலைகளாக இருக்கும். அதுதான் அதன் அழகு. நூல் துணியைச் சிறிதே சுருக்குவதால் வருவது அது. என் வேட்டித் துண்டில் இருந்ததும் சுருக்கம்தான். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டேன். பதில் சொல்லாமல், தம் மடியிலிருந்ததை என் மடியில் போட்டார். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. தடவினேன், அலை இருந்தது, வழுக்கல் இல்லை. ஊசி பிடிக்கும் விதத்தையும் மாற்றிவிட்டார். நான் துணியை அசையாமல் பிடித்து ஊசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஊசியை ஏறக்குறைய நிறுத்திவைத்துத் துணியை அதற்கு ஊட்ட வேண்டும். ஐந்தாறு தையல் ஊசியில் ஏறிய பிறகு ஒருதரம் இழுத்தால் போதும். அவர் தைப்பதை வாட்ச் பார்த்து எண்ணினேன்: நிமிஷத்துக்கு முப்பத்தாறு.

அம்மா அனுப்பிய சுங்குடித் துண்டையும் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நைந்த கோட்டை வெகுநேரம் பார்த்தார். நைந்த பகுதி உள்ளடுக்கில் போக வேண்டும், நல்ல பகுதி மேலே வர வேண்டும், அடியில் பழைய வேட்டி கொடு, பழைய மடிப்பு எதுவும் காந்தாவின் மடிப்பில் விழக் கூடாது என்றார். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னார். குழந்தை எதையும் வாயில் வைக்குமே. "யாருடையது?" என்று கேட்டார். சொன்னேன்.

பிறகு அவரே என் கணக்கில் ஒரு குண்டைப் போட்டார். கிராமத்தில் அவருக்குத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். சேலையைக் கொடுத்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயில் இரண்டு மாதத்தில் தைத்துத் தருவார்கள். என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக இருக்கும். மாணவனை இழந்தாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொன்ன ஆசிரியரை அன்றுதான் கண்டேன். அன்றிரவு சேலத்துச் சக்கரவர்த்தியிடம் இதைச் சொன்னேன். அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "1,300 மிச்சம், வேலையும் மிச்சம்! இன்னும் என்னடா யோசனை?" என்றார்.

யோசனை இருந்தது. சனிக்கிழமை தோறும் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாதம் பன்னிரண்டு மணி நேரம், மூவாயிரம் ரூபாய். அதாவது மணிக்கு 250. மாஷிமாவின் வகுப்பும் பன்னிரண்டு மணி நேரம், மூவாயிரம் ரூபாய்; மணிக்கு அதே 250. இந்த ஒற்றுமை கண்ணில் பட்டபோது எனக்குச் சிறிது வெட்கமாக இருந்தது. நியூட்டன் விதிகளும் யூட்யூபில் இலவசம்தான். என்னைவிட நன்றாகச் சொல்லுகிறவர்கள் நூறு பேர் அதில் இருக்கிறார்கள். அந்தப் பையன் அவற்றையெல்லாம் பார்த்திருக்கிறான். ஆனாலும் சாய்தளத்தில் எடையைப் பிரிக்கும்போது சைன் போட வேண்டிய இடத்தில் கொசைன் போடுவான். போட்ட கணமே கையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அவன் தாயார் எனக்குக் கொடுக்கும் பணம் அந்தக் கணத்துக்காக. அதை அதிகம் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லையே! ஊசி என்றவுடன் மட்டும் ஏன் வகுப்புக்குக் காசு எதற்கு என்று தோன்றுகிறது?

கடையில் விற்கும் தொள்ளாயிரம் ரூபாய்க் காந்தாவையும் அப்போதுதான் கணக்கில் ஏற்றினேன். அதுவும் நான் நினைத்த நெருக்கத்தில் தைத்ததென்றே வைத்துக்கொள்வோம். இருபதாயிரம் தையல். மாஷிமாவின் வேகத்தில் போனாலும் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. தொள்ளாயிரத்தில் கடைக்காரர் லாபம், கடை வாடகை, இடைத்தரகர் பங்கு, துணி, நூல் எல்லாம் போக, தைத்த பெண்ணின் கைக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? காந்தா தைப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே உருப்படிக் கூலிக்குத் தைக்கிற பெண்கள். நாலு ரஜாய் வாங்கலாம் என்ற வாதம் அன்றோடு என்னைப் பொறுத்தவரை ஓய்ந்தது. விலை குறைவாக இருப்பதால் வேலை சுலபம் என்று ஆகிவிடாது.

எனினும் கிராமத்துக்குக் கொடுத்துத் தைக்கும் யோசனை அவ்வளவு எளிதில் ஓயவில்லை. அது நியாயமான கூலி, நல்ல வேலை. அதை எதிர்த்து நான் சொல்லக்கூடிய காரணங்கள் கணக்கில் நிற்காதவை. சேலை கைமாறிக் கைமாறி எங்கோ போய்வர வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று, சேலை இரண்டு இருக்கிறது என்பது. அரக்கு அக்காவின் பிள்ளைக்கு, கரும்பச்சை அம்மாவுக்கு. அம்மா கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். ஆனால் அந்தத் துண்டைத் தபாலில் அனுப்பியபோது அதைப் பட்டுத் துணிபோல நாலாக மடித்து, வெள்ளைத் தாளில் சுற்றி, நூலால் கட்டி அனுப்பியிருந்தாள். வகுப்புக்குப் போனால் இரண்டாவதையும் தைக்கத் தெரிந்திருக்கும். அப்படிப் பார்த்தால் 3,800-ஐ இரண்டால் வகுக்க வேண்டும், வகுத்தால் 1,900. கிராமத்துக் கூலியைவிடக் குறைவு! இதைச் சேலத்துக்காரரிடம் வெற்றியோடு காட்டினேன். "அந்த ஐம்பத்தாறு மணி நேரத்துக்கு உன் டியூஷன் கூலி என்ன?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். பதினாலாயிரம். அவரோடு கணக்கில் மோதக் கூடாது.

ஆகவே கணக்கை மூடிவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். நன்றாகத் தைக்கிறவர்களிடம் கொடுக்கட்டுமா, நான் தைத்தால் வரிசை கோணலாகத்தான் வரும் என்றேன். "கோணலா வந்தா என்ன? பாப்பா என்ன ஸ்கேல் வச்சா பார்க்கப்போகுது? பெரிசானதும், உங்க மாமா தச்சதுன்னு நான் காட்டணும்" என்றாள்.

மறுநாள் மாஷிமாவிடம் 3,500 ரூபாயைக் கட்டிவிட்டேன். யாத்திரை டிசம்பர்க் கடைசியில். போனால் இரண்டு ஞாயிறு தவறும். பணமும் ஒன்றுதான் இருந்தது, ஞாயிறும் ஒன்றுதான் இருந்தது. காஞ்சன்ஜங்காவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அது எப்படி இருந்தது என்று வந்து சொல்லுங்கள். மாடியில் தைத்துக்கொண்டே கேட்கிறேன். முதல் மூன்று கிழமை பழகுதுணியில்தான் தையல். நாலாவது கிழமைதான் அரக்குச் சேலையைத் தொடலாம் என்று உத்தரவு. அதற்குள் அம்மா அதைத் தபாலில் அனுப்பிவிடுவாள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அடிப்பக்கத்துக்கும் பழகுவதற்கும் எனக்குப் பழைய பருத்தி வேட்டிகள் நாலைந்து தேவைப்படுகின்றன. பொங்கல் விழாவுக்கென்று கொண்டுவந்து, பிறகு கட்டாமலே நைந்துபோன வேட்டிகள் விடுதிப் பெட்டிகளில் பல கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். கரை எந்தக் கட்சியினுடையதாக இருந்தாலும் ஆட்சேபணை இல்லை, உருவி நூலாக்கிக்கொள்வேன். துவைத்துக் கொடுத்தால் போதும்.